மகேந்திரகிரிக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம் (படம் இல்லை, கேட்காதீர்கள்)

#1 பட்டறைக்காரன், கே.புதூர்

நண்பர்களே, ரொம்ப நாளாக இந்த இழைகளைப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் போல் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என் தங்கை வீட்டுக்காரர் மகேந்திரகிரியில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் டெக்னீஷியன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த முறை முன்கூட்டியே எங்கள் பெயரெல்லாம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார். நான், வீட்டுக்காரி, ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் பையன், அம்மா. ஐந்து பேர்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, கோவில்பட்டியில் டீ, திருநெல்வேலி தாண்டி இட்லி. வள்ளியூர் கடந்ததும் வலது கைப்பக்கம் மலை நெருங்கி வந்துவிடும். பணகுடி வந்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். மதுரையிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர் இருக்கும்.

வாசலில் முதல் சோதனை எங்களுக்கு. எல்லாருடைய அடையாள அட்டையும் கேட்டார்கள். அம்மா பையைத் திறந்தால் ரேஷன் கார்டு இருக்கிறது, பேங்க் புத்தகம் இருக்கிறது, மீனாட்சி கோயில் குங்குமம்கூட இருக்கிறது. ஆதார் மட்டும் வீட்டு பீரோவில். விதி விதிதான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவைக் குடியிருப்பில் தங்கையோடு விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம். செல்போன்களையும் வாசலிலேயே கொடுத்துவிட்டோம்.

உள்ளே போனதும் பையன் கேட்ட முதல் கேள்வி, "ராக்கெட் எங்கப்பா?"

ராக்கெட்டே கிடையாது. ஒன்றுகூட இல்லை. மலையடிவாரம், மரம், ரோடு, தூரத்தில் சில உயரமான இரும்புக் கட்டுமானங்கள், பருத்த குழாய்கள், தொட்டிகள். எங்கள் பக்கத்துப் பெரிய ஆலை ஒன்றுக்குள் நுழைந்தது மாதிரிதான் இருந்தது. பையன் முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளை அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இங்கே எதையும் பறக்க விட மாட்டோம்டா. எஞ்சினைப் பறக்க விடாமல் இறுக்கிக் கட்டிப்போட்டு எரிப்போம். அதுதான் எங்க வேலை."

எனக்கு அப்போதுதான் ஆர்வமே வந்தது. நானும் மோட்டார் ரீவைண்ட் பண்ணினால் போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தானே ஓட விட்டுப் பார்க்கிறேன்!

மிச்சத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன். பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்.

#2 ஒத்தக்கடை ராஜா

அண்ணே, இப்படிப் பாதியில் நிறுத்தினால் எப்படி? அப்பத்தாவை வாசலோடு விட்டுவிட்டு வந்ததற்கு முதலில் என் கண்டனம்.

#3 கூடல் (நெறியாளர்)

நல்ல இழை. ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது, காவல் எப்படி என்பதெல்லாம் வேண்டாம். எஞ்சினைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்.

#4 பட்டறைக்காரன்

சரிங்க ஐயா. அதெல்லாம் எனக்கே ஞாபகம் இல்லை.

மகேந்திரகிரி முன்பு திரவ உந்துவிசை மையத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 2014 பிப்ரவரியில்தான் தனி வளாகமாகப் பிரித்தார்கள். எனக்குப் புரிந்த வரை இங்கே மூன்று குடும்பம் எஞ்சின்கள். முதலாவது விகாஸ். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இருப்பது அதுதான். எல்.வி.எம்-3 ராக்கெட்டின் நடு அடுக்கில் அதுவே இரண்டாக இருக்கிறது. இரண்டாவது கிரையோஜெனிக், கடுங்குளிர் எஞ்சின். மூன்றாவது இப்போது உருவாகிக்கொண்டிருக்கும் செமி-கிரையோ, அதாவது இரண்டு திரவத்தில் ஒன்று மட்டும் கடுங்குளிர்.

விகாஸின் இரண்டு திரவங்களுக்கும் தீப்பொறி தேவையில்லை. ஒன்றை ஒன்று தொட்டதும் பற்றிக்கொள்ளும். கேட்க வசதியாக இருக்கிறதே என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். இரண்டும் கொடிய விஷமாம். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு இல்லாமல் பக்கத்தில் போக முடியாது. என் தங்கை இத்தனை வருடமாக இதை என்னிடம் சொன்னதே இல்லை.

கிரையோ எஞ்சினில் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. அந்தக் குளிரில் இரும்பு, ரப்பர், எண்ணெய் எதுவும் நாம் பழகிய பொருளாக இருக்காது. குழாய் சுருங்கும், கேஸ்கட் கண்ணாடி மாதிரி நொறுங்கும், கிரீஸ் கல்லாகும். அதனால் பற்றவைப்பதற்கு வெகு நேரம் முன்பே குழாய், பம்ப் எல்லாவற்றிலும் குளிர்ந்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட விட்டுக் குளிர வைக்க வேண்டும். சூடான குழாயில் திரவ ஹைட்ரஜனை ஊற்றினால் அங்கேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்புக்குத் திரவம் போகாமல் வாயு போனால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் மோட்டார் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். காற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றும், தண்ணீர் ஏறாது.

ஒரு கூடத்தில் எஞ்சின் மாதிரி வைத்திருந்தார்கள். கூம்பின் உள்சுவரில் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கிறது. எரிவதற்கு முன்னால் அந்தக் குளிர்ந்த ஹைட்ரஜன் அந்த வாய்க்கால்கள் வழியாகச் சுற்றிவிட்டுத்தான் அடுப்புக்குள் போகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் 3,000 டிகிரியை ஒட்டிய தீ. அந்தப் பக்கம் கடுங்குளிர். நடுவில் மெல்லிய உலோகம். முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறேன். அந்தச் சுவருக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

#5 பாலமேடு

அண்ணே, கட்டிப்போட்டுச் சோதிப்பது என்றதும் எனக்கு எங்கள் காளைதான் ஞாபகம் வந்தது. வாடிவாசலுக்குக் கொண்டுபோகும் முன்பு மாதக்கணக்கில் நீச்சல், நடை, மண்ணைக் குவித்துக் குத்த விடுவது எல்லாம் உண்டு. கயிறு கையில்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு நாள்தான் அவிழ்த்து விடுவோம்.

#6 பாலிடெக்னிக் வாத்தியார்

பாலமேடு தம்பி, உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். மண் குத்தினால் காளை கற்றுக்கொள்ளும். எஞ்சின் ஒன்றும் கற்றுக்கொள்ளாது, கட்டிப்போட்டவர்தான் கற்றுக்கொள்கிறார்.

முதல் பதிவு எழுதியவருக்கு ஒரு சின்னத் திருத்தமும் ஒரு கூடுதல் செய்தியும்.

எல்.வி.எம்-3 தரையை விட்டுக் கிளம்பும்போது எரிவது விகாஸ் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய திட எரிபொருள் பூஸ்டர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன். அவற்றைக் கட்டிப்போட்டு எரிக்கும் நிலைச் சோதனை நடந்தது ஸ்ரீஹரிகோட்டாவில். விகாஸ் இரண்டும் மேலே போன பிறகுதான் பற்றும். கடைசி அடுக்கு கிரையோ, அதாவது சி.இ-20.

கூடுதல் செய்தி இதுதான். சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற அதே சி.இ-20 எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று மகேந்திரகிரியில் 25 வினாடி எரித்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் ராக்கெட்டில் பொருத்தினார்கள். ஜூலை 14 ஏவினார்கள், ஆகஸ்ட் 23 நிலாவில் இறங்கியது. ஆக, நிலாப் பயணத்தில் முதல் 25 வினாடி பணகுடிப் பக்கத்தில் நடந்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பையன்கள் சிரிப்பார்கள்.

#7 ஒத்தக்கடை ராஜா

வாத்தியார் ஐயா, இருபத்தைந்தே வினாடியா? நம் பல்சர் ஸ்டார்ட் ஆகவே அவ்வளவு நேரம் ஆகுமே.

#8 பாலிடெக்னிக் வாத்தியார்

அது ஏற்புச் சோதனை. பறக்கப் போகும் எஞ்சினை ரொம்ப நேரம் எரித்துத் தேய்க்கக் கூடாது. அந்த வடிவமைப்பு தாங்குமா என்று பார்க்கும் சோதனை வேறு. அதற்குத் தனி எஞ்சின்களை வைத்து வாட்டி எடுப்பார்கள். ககன்யானுக்காக, அதாவது மனிதர் ஏறும் ராக்கெட்டுக்காக, விகாஸை 2021 ஜூலையில் 240 வினாடி தொடர்ந்து எரித்தார்கள். சி.இ-20ஐ 2022 ஜனவரி 12 அன்று 720 வினாடி. பன்னிரண்டு நிமிடம். பறக்கும்போதுகூட அவ்வளவு நேரம் தேவைப்படாது.

மொத்தக் கணக்கு இன்னும் சுவையானது. மனிதரை ஏற்றலாம் என்று அந்தக் கிரையோ எஞ்சினுக்குச் சான்று கொடுக்கக் குறைந்தது 6,350 வினாடி எரித்திருக்க வேண்டும். நாலு எஞ்சின்களை வைத்து 39 சோதனைகளில் 8,810 வினாடி எரித்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் தொடர் முடிந்தது.

#9 பட்டறைக்காரன்

திருத்தத்துக்கு நன்றி ஐயா. பூஸ்டர் விஷயம் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையும் "எல்லாம் இங்கேதான்" என்கிற மாதிரிதான் பேசினார். வேலை செய்யும் இடத்தின் மேல் இருக்கும் பாசம்.

இனி என் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "கட்டிப்போட்டால் அது எவ்வளவு தள்ளுகிறது என்று எப்படித் தெரியும்?" பதில் ரொம்ப எளிது. எஞ்சினுக்கும் மேடைக்கும் நடுவில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. நம் எடைமேடையில் லாரியை நிறுத்துவது போலத்தான். இங்கே நிற்பதற்குப் பதில் தள்ளுகிறது. விகாஸ் சுமார் 80 டன் தள்ளும்.

அடுத்து அவள் கேட்டது மாப்பிள்ளைக்கே பிடித்துப்போன கேள்வி. "மேலே காற்றே இல்லாத இடத்தில் எரியப் போவதை இங்கே காற்றில் எரித்துப் பார்த்தால் அது சரியான சோதனையா?"

இல்லையாம். அதற்குத்தான் பெரிய பாடு. கடைசி அடுக்கு எஞ்சினின் கூம்பு அகலமாக, நீளமாக இருக்கும். வெளியே காற்று இல்லாத இடத்துக்காகச் செய்தது. அதைத் தரையில் எரித்தால், வெளிக்காற்று அழுத்தி, கூம்பு வாய்க்குள் வரும் தாரையைச் சுவரிலிருந்து பிய்த்துவிடும். பிய்ந்த இடம் ஒரு நேரம் இங்கே, ஒரு நேரம் அங்கே. கூம்பு உதறும். உதறினால் விரிசல். அதனால் காற்றை இழுத்து வெளியேற்றிய அறைக்குள் வைத்துப் பற்றவைத்துப் பார்க்க ஒரு தனிச் சோதனைக்கூடம் வைத்திருக்கிறார்கள். அது பெரிய செலவு, பெரிய வேலை. 2024 நவம்பர் 29 அன்று ஒரு பாதுகாப்பு அமைப்பைக் கூம்பு வாயில் பொருத்தி, முழுக் கூம்போடு திறந்தவெளியிலேயே எரித்துக் காட்டினார்கள். இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. தங்கைக்கு வளைகாப்பு நடந்த அன்றுகூட அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

#10 உசிலை

எல்லாம் சரி. எங்கள் ஊரில் இன்னும் குடிதண்ணீர்க் குழாய் வாரத்துக்கு இரண்டு நாள்தான். இவ்வளவு காசு போட்டு எரிப்பதை அங்கே போட்டால் ஆகாதா? சண்டைக்கு இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

#11 மண்டபம் கரை

உசிலை அண்ணே, 2018 நவம்பரில் கஜா வந்தபோது எங்கள் பக்கம் படகெல்லாம் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தோம். புயல் வேதாரண்யம் பக்கம் அடித்தது. வருகிறது என்று நாலு நாள் முன்பே தெரிந்தது செயற்கைக்கோள் படத்தால்தான். 1964ல் தனுஷ்கோடிக்கு அந்தச் செய்தி இல்லை. என் தாத்தா அங்கே இருந்தவர். உங்கள் குடிதண்ணீர்க் குழாய்க்கு நானும் குரல் கொடுக்கிறேன், அது வேறு கணக்கு.

#12 உசிலை

சரி தம்பி. தனுஷ்கோடியைச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல.

#13 ரெட்டைவால் அம்மா

வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் ராக்கெட் பைத்தியம். எங்களுக்கு மச்சான் யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை. சாதாரணக் குடும்பம் எங்கே போய்ப் பார்க்கலாம்? போன வருடம் ஒரு சுற்றுலாக்காரர் "ஏவுதளம் உள்ளே வரை" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு கடற்கரையைக் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

#14 பாலிடெக்னிக் வாத்தியார்

அம்மா, உள்ளே கூட்டிப்போகிறேன் என்று தனியார் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஏவுவதைப் பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடம் இருக்கிறது, 2019ல் திறந்தது. ஒவ்வொரு ஏவலுக்கும் முன்பு இஸ்ரோ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏவுதல் தள்ளிப்போனால் சூலூர்ப்பேட்டையில் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். திருவனந்தபுரம் போனால் தும்பாவில் விண்வெளி அருங்காட்சியகம். அது ஒரு பழைய மாதா கோயில் கட்டடம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பியது தும்பாவிலிருந்துதான்.

நமக்குப் பக்கத்திலேயே கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறதே, அதை யாரும் நினைப்பதில்லை. 1899ல் தொடங்கியது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909ல் கண்டுபிடித்தது அங்கேதான். பிள்ளைகள் படகுச் சவாரிக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் அங்கே போய்விட்டு வந்துவிடலாம்.

அப்புறம், பிள்ளை ஒன்பதாவது என்றால் இஸ்ரோவின் யுவிகா முகாமுக்கு விண்ணப்பிக்கலாம். 2019ல் தொடங்கியது. தேர்வானால் இரண்டு வாரம் அவர்களே வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

#15 பட்டறைக்காரன்

ஒன்பதாவதா? என் மகள் ஒன்பதாவதுதான் ஐயா. இதை மாப்பிள்ளை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

#16 ஒத்தக்கடை ராஜா

விஷ உடுப்பு பற்றியே தங்கச்சி சொல்லவில்லை, இதை மட்டும் சொல்லிவிடுவார்களாக்கும்.

#17 பட்டறைக்காரன்

நான் எழுத வந்ததே இனிமேல்தான் இருக்கிறது.

கசிவு பார்க்கும் முறையைச் சொன்னார்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம் இல்லையா, அதே வேலைதான். இங்கே குழாய்க்குள் ஹீலியத்தை அடைத்துவிட்டு, வெளியே ஹீலியம் மோப்பம் பிடிக்கும் கருவியைக் காட்டுகிறார்கள். ஹீலியம் ரொம்பச் சின்னது, வேறு எதுவும் புக முடியாத ஓட்டையிலும் புகுந்துவிடும். அதுவே வெளியே வரவில்லை என்றால் அந்த இணைப்பை நம்பலாம்.

ஏன் இவ்வளவு பாடு என்றதற்கு மாப்பிள்ளை சொன்ன கதை. 2013 ஆகஸ்ட் 19, ஜி.எஸ்.எல்.வி-டி5. நம்முடைய சொந்தக் கிரையோ எஞ்சின் 2010ல் முதல் முறை பறந்தபோது தோற்றுப்போயிருந்தது. மூன்று வருடம் கழித்து இரண்டாவது முயற்சி. ஏவ ஒன்றேகால் மணி நேரம் கூட இல்லை, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிகிறது என்று தெரிந்தது. நிறுத்திவிட்டார்கள். ராக்கெட்டை மறுபடி கொட்டகைக்குக் கொண்டுபோய், அந்த அடுக்கையே மாற்றி, 2014 ஜனவரி 5 அன்று ஏவி ஜெயித்தார்கள்.

நான் கேட்டேன்: "அன்றைக்கு உங்களுக்கெல்லாம் அவமானமாக இல்லையா மாப்பிள்ளை?"

"தரையில் கசிந்தது நல்லதுதானே மச்சான்" என்றார்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நாம் டிவியில் பார்ப்பது மேலே போவதை மட்டும். இந்த இடமே எதெல்லாம் கெட்டுப்போகுமோ அதையெல்லாம் இங்கேயே கெட விட்டுப் பார்ப்பதற்காகக் கட்டிய இடம். அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் நன்றாகப் போனால் செய்தியில் வராது. எனக்கு இது பொறாமையாகவே இருக்கிறது. நான் ஒரு ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுத்தால் அது வண்டியில் போய் உடைந்த பிறகுதான் எனக்குப் போன் வரும்.

#18 பாலிடெக்னிக் வாத்தியார்

இதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு, அதே மகேந்திரகிரியில். செமி-கிரையோ. திரவ ஆக்சிஜனும் சுத்திகரித்த மண்ணெண்ணெயும். 200 டன் உந்துவிசை, நம்முடைய எந்தத் திரவ எஞ்சினையும் விடப் பெரியது. எல்.வி.எம்-3ல் இப்போது விகாஸ் இரண்டும் இருக்கும் இடத்துக்கு வரப்போகிறது. 2023 ஜூலையில் அதன் ஒரு பகுதியை மட்டும் பொருத்தி எரித்தார்கள். திட்டம் 4.5 வினாடி. 1.9 வினாடி வரை எல்லாம் கணித்தபடி. அடுத்த கணத்தில் டர்பைன் அழுத்தம் திடீரென்று எகிறி, சுழற்சி வேகம் விழுந்தது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச் 28 அன்று மறுபடியும் ஒரு சோதனை, 2.5 வினாடி, வெற்றி.

1.9லிருந்து 2.5க்கு வர ஒன்றே முக்கால் வருடம்.

#19 பாலமேடு

ஐயா, அந்த 0.6 வினாடிக்குள் எங்கள் காளை வாடிவாசலைத் தாண்டிவிடும்.

#20 வடக்குவெளி

விகாஸ் பற்றிப் பேசும்போது மதுரைக்காரர்கள் ஒன்றை விட்டுவிட்டீர்களே. பிரான்சின் வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்தை வாங்கி வந்து விகாஸாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய நம்பி நாராயணன் படித்தது நம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில். நாகர்கோவில்காரர். 1994ல் பொய் வழக்கில் சிக்கவைக்கப்பட்டு, 2018ல்தான் உச்ச நீதிமன்றம் ஐம்பது லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. திருப்பரங்குன்றம் ரோட்டில் அந்தக் கல்லூரி வாசலை எத்தனை முறை கடந்து போகிறோம்.

#21 பட்டறைக்காரன்

அடேயப்பா. என் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்த பையன் அந்தக் கல்லூரியில்தான் சேர்ந்தான். அவனிடம் சொல்கிறேன்.

அம்மா கதையை முடிக்க வேண்டும். மத்தியானம் நாங்கள் வெளியே வந்தபோது அம்மா தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை. "இது அனுமார் இலங்கைக்குத் தாவின மலைடா. நான் பார்க்க வந்ததைப் பார்த்துட்டேன்" என்றார். அப்புறம் பேரனிடம், "உள்ளே என்னடா பண்றாங்க?" அவன், "எஞ்சினைக் கட்டிப்போட்டுப் பறக்கச் சொல்றாங்க அப்பத்தா." அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப மலை தாங்குதா?"

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எஞ்சின் கீழே தள்ளும் அளவுக்கு மேடை மேலே தள்ளப்படும், அந்த விசை முழுவதும் மேடை வழியாகத் தரைக்குத்தான் இறங்க வேண்டும், மேடை கட்டுவதில் அதுதான் முதல் கணக்கு என்றார். உள்ளே இவ்வளவு நேரம் சுற்றிவிட்டு வந்த நான் அதைக் கேட்கவில்லை.

#22 வடக்குவெளி

கம்பர் இதைப் பாடியிருக்கிறார். கடல் தாவு படலத்தில் அனுமன் காலை ஊன்றி அழுத்தியதும் மலை தாங்காமல் பிளக்கிறது. பொந்துகளிலிருந்து பாம்புகள் வெளியே வருவது மலையின் வயிறு கிழிந்து குடல் பிதுங்கியது போல் இருந்ததாம். மேலே போகிறவன் கீழே எவ்வளவு அழுத்துகிறான் என்பதுதான் அங்கே காட்சி.

#23 பகுத்தறிவு மாப்ள

ஆரம்பித்துவிட்டீர்களா? அறிவியல் இழையில் அனுமார் எதற்கு? நாளைக்கே "அப்போதே நம்மிடம் ராக்கெட் இருந்தது" என்று யாராவது வருவார்கள். போதாக்குறைக்கு ஒடிசாவிலும் ஒரு மகேந்திரகிரி இருக்கிறது. எது எந்த மலை என்று யார் கண்டது?

#24 பட்டறைக்காரன்

தம்பி, ராக்கெட் இருந்தது என்று நானும் சொல்லவில்லை, எங்கள் அம்மாவும் சொல்லவில்லை. மலை தாங்குமா என்றுதான் கேட்டார். அது நியாயமான கேள்வி என்று அங்கே வேலை செய்பவரே சொல்லிவிட்டார்.

#25 பகுத்தறிவு மாப்ள

அப்பத்தா கேள்விக்கு நான் எதிரி இல்லை அண்ணே. கேள்வி அருமை. மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

#26 குலசை தசரா

எங்கள் ஊர்ப் பக்கமும் ஏவுதளம் வருகிறது, யாரும் சொல்லவில்லையே? குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்காக. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது, வளைந்து போக வேண்டியிருக்கிறது. வளைந்தால் எரிபொருள் வீண். சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. எங்கள் ஊரிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான்.

#27 ரெட்டைவால் அம்மா

அங்கே பார்வையாளர் மாடம் வருமா? முத்தாரம்மனையும் பார்த்த மாதிரி இருக்கும்.

#28 குலசை தசரா

வந்தால் முதல் தகவல் இந்த இழையில்தான் அக்கா.

#29 பணகுடிப் பொண்ணு

தாமதமாகப் பார்க்கிறேன். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், இப்போது மதுரையில் வேலை. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்து பழக்கம். தூரத்தில் இடி உருட்டுவது மாதிரி ஆரம்பிக்கும், ஆனால் இடி நின்றுவிடும், இது நிற்காது. ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கும். விருந்தாளிகள்தான் பயந்து எழுந்திருப்பார்கள். எங்கள் ஆச்சி "டெஸ்ட்டு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அரிசி புடைத்துக்கொண்டே இருப்பார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு சாயங்காலம் கேட்டது.

#30 பட்டறைக்காரன்

தங்கச்சி, எவ்வளவு நேரம் கேட்டது? மகள் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

#31 பணகுடிப் பொண்ணு

எண்ணவில்லை அண்ணே. அடுப்பில் பால் வைத்திருந்தேன். சத்தம் நிற்கட்டும் என்று ஜன்னலில் நின்றதில் பொங்கி வழிந்துவிட்டது.